பல் போன கத்தரிக்கோல்

இந்த அத்தியாயத்தில் பிணம் கிடையாது. துப்பாக்கி கிடையாது. ஒரே ஒரு சட்டை இருக்கிறது, அதுவும் யாராலும் போட்டுக்கொள்ள முடியாத சட்டை. அதற்காக ஒரு பேராசிரியை மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தார் என்றால் விஷயம் லேசுப்பட்டதில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மணி பன்னிரண்டு. பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி துப்பறிவாளர். தொலைந்த பார்சல்களைத் தேடிக் கொடுக்கும் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு, இனிமேல் மனிதர்களையும் தேடிப் பார்க்கலாமே என்று இந்தத் தொழிலுக்கு வந்தவள். இன்னொருத்தி அவளுடைய உதவியாளர், அதாவது அவள் புருஷனின் கூடப்பிறந்த தங்கை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் எட்டு மணி நேரம் அடிதடி இல்லாமல் இருப்பதுதான் பெரிய மர்மம் என்று குடும்பமே சொல்லிக்கொண்டிருந்தது. நாத்தனாருக்கு அதற்கு விடை தெரியும். அண்ணி ஒரு நாளைக்கு இருபது வாக்கியம்தான் பேசுவாள். மிச்ச இடத்தையெல்லாம் இவளுக்கே விட்டுவிடுவாள்.

"பல் டாக்டர் ரெண்டாவது மாடி," என்றாள் நாத்தனார், வந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு.

"எனக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு நாலு மணிக்கு என்னை ஒரேயடியா முடிச்சுடப் போறாங்க."

"உங்களையா?"

"என்னோட இருபத்தாறு வருஷத்தை!"

தண்ணீர் கொடுத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்த பிறகு விஷயம் வந்தது. அவர் கலை வரலாற்றுப் பேராசிரியை. அதிலும் சோதனைக் கலை. அப்படியென்றால் படமில்லாத சட்டம், உட்கார முடியாத நாற்காலி, கேட்க ஒன்றுமில்லாத கச்சேரி. மற்றவர்கள் பழைய எண்ணெய் ஓவியங்களைப் பிடித்துக்கொண்டு பெரிய ஆளாகிவிட்டார்கள். இவர் மட்டும் தன் முப்பத்திரண்டாவது வயதில், இளம் வயதிலேயே செத்துப்போன, யாருக்கும் தெரியாத ஒரு ஓவியரைப் பிடித்துக்கொண்டார். முதல் கருத்தரங்கில் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் ஏசி காற்றுக்காக வந்தவர். சொந்த அண்ணனே வருஷா வருஷம் போன் பண்ணி, "எப்ப உருப்படியா ஏதாவது படம் பார்க்கப் போறே?" என்று கேட்பார்.

"அந்த ஓவியரோட 'மூடிய சட்டை'தான் என் புத்தகம். கழுத்து தைச்சு மூடியிருக்கும். கையும் மூடியிருக்கும். எந்தப் பக்கத்துலயும் திறப்பே கிடையாது. இன்னைக்கு நாலு மணிக்கு மியூசியத்துல அதுக்குக் கண்காட்சி. என் வாழ்க்கையில முதல் தடவையா எங்கண்ணன் வர்றேன்னு சொல்லியிருக்கார்."

"கழுத்து இல்லாத சட்டைன்னா சலவைக்காரங்களுக்கு நிம்மதி, காலர்ல அழுக்கே சேராது," என்றாள் நாத்தனார்.

"காலையில மியூசியத்துல என் அறைக் கதவுக்கு அடியில இது கிடந்தது."

நீளவாக்கில் ஒல்லியாக மடித்த ஒரு பழுப்புக் காகிதம். நடுங்கிய, சாய்ந்த எழுத்தில் மூன்று வரி: *இடது கை என்று எழுதியிருப்பது பொய். நாலு மணிக்கு வருவேன். கத்தரிக்கோலோடு வருவேன்.*

நாத்தனார் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

"மியூசியம் இயக்குநர்கிட்ட காட்டினா கண்காட்சியே ரத்து," என்றார் பேராசிரியை. "அவர் காரணம் தேடிக்கிட்டே இருக்கார். காட்டாம விட்டா எவனோ வந்து சட்டையை நார் நாராக் கிழிச்சுடுவான். யாருன்னு எனக்குத் தெரியும். குடுமி வச்ச ஒரு விமர்சகன் இருக்கான். என் இடது கைக் கொள்கையை மூணு கட்டுரையில கிண்டல் பண்ணினவன்."

"அது என்ன கொள்கை?" இது அண்ணியின் முதல் வாக்கியம்.

ஓவியரின் அறைச் சுவரில் முப்பத்தொரு காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தனவாம். சிலது உருண்டை எழுத்து, சிலது சாய்ந்த எழுத்து. 'இன்னும் அரை அங்குலம் விடு' என்று சாய்ந்த எழுத்து சொல்லும். 'போதும்' என்று உருண்டை எழுத்து சொல்லும். ஒரே மனிதர் இரண்டு கையாலும் எழுதித் தன்னோடு தானே வாதாடினார் என்பது பேராசிரியையின் கண்டுபிடிப்பு. பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் பக்கம்தான்.

"இந்த மூணு வரியும் அந்தச் சாய்ந்த எழுத்தை அப்படியே காப்பி அடிச்சது. புத்தகத்துல போட்டோ இருக்கே, பார்த்து எழுதியிருக்கான்."

அண்ணி காகிதத்தின் எழுத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தைப் பார்த்தாள். பார்சல்காரி அல்லவா. உள்ளே என்ன என்பதைவிட ஓரம் எப்படி இருக்கிறது என்பதில்தான் அவளுக்குக் கண் போகும். ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டிப் பற்களாக வெட்டியிருந்தது.

"சுவத்துல இருந்த துண்டுகளுக்கும் ஓரம் இப்படித்தானா?"

"ஆமா... அது எலி கடிச்சது. பார்க்க அசிங்கமா இருந்ததால புத்தகத்துல ஓரத்தை வெட்டிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன்." பேராசிரியை போனில் பழைய போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார்.

நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "முப்பத்தொரு துண்டிலயும் ஒரே எலி, ஒரே அளவுல, வரிசை தப்பாம கடிச்சிருக்கா? அதுக்கு நீங்க அவார்டே கொடுத்திருக்கணும். ஏங்க, இது தையல்காரங்க வச்சிருக்கிற பல்லு வச்ச கத்தரி. துணி ஓரத்துல நூல் பிரிஞ்சு வராம இருக்க இதாலதான் வெட்டுவாங்க. நான் மூணு வாரம் தையல் கிளாஸ் போனவ. நாலாவது வாரம் டீச்சரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வச்சாங்க."

"பல்லை எண்ணு," என்றாள் அண்ணி.

நாத்தனார் எண்ணினாள். பதினொரு பல், அப்புறம் ஒரு இடத்தில் மொட்டை. மறுபடி பதினொரு பல், மறுபடி மொட்டை. போட்டோவிலும் அப்படியே. இன்று காலை வந்த காகிதத்திலும் அப்படியே.

"அண்ணி, ஒரு பல்லு கொட்டிப்போன கத்தரி! அன்னைக்கு வெட்டின அதே கத்தரி!"

"குடுமிக்காரர் புத்தகத்தைத்தான் பார்த்திருப்பார். புத்தகத்துல ஓரமே கிடையாது," என்றாள் அண்ணி.

பேராசிரியை போட்டோவை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் அந்தத் துண்டுகளின் எழுத்து, மை, மடிப்பு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி அத்தியாயம் எழுதியிருந்தார். ஓரத்துக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை.

"ஓவியர் அறைக்குக் கீழே என்ன இருந்தது?" அண்ணி கேட்டாள்.

"கீழேயா? என்னவோ ஒரு கடை... மெஷின் சத்தம் கேட்கும்." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "அந்தச் சத்தத்தைப் பத்திக்கூட எழுதியிருக்கேன். 'நகரத்தின் ஓயாத இரைச்சல்'னு. அந்த அறையைப் பதினாலு தடவை அளந்திருக்கேன். படி எத்தனைன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். கீழ்க் கதவை ஒரு தடவைகூடத் தட்டினதில்லை."

"சரி, வாங்க, இப்பத் தட்டிடுவோம்," என்று நாத்தனார் கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

டாக்சியில் அண்ணி இன்னொரு கேள்வி கேட்டாள். சட்டை எவ்வளவு கனம்? சாதாரணச் சட்டையைப் போல மூன்று மடங்கு என்றார் பேராசிரியை. 'மௌனத்தின் கனம்' என்று அதற்கும் தொண்ணூறாம் பக்கத்தில் ஒரு தலைப்பு இருந்தது. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் உதடு லேசாகத் துடித்ததை நாத்தனார் கவனித்தாள். அண்ணிக்கு அதுதான் விழுந்து விழுந்து சிரிப்பது.

கடை இன்னும் அங்கேயே இருந்தது. ஆறு தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரி நர்சுகளின் வெள்ளைக் கோட்டுகள் மலைபோல் குவிந்திருந்தன. நடுவில் நீண்ட வெட்டு மேஜை. அதன் பின்னால் கழுத்தில் அளவு டேப்போடு, எழுபத்து நாலு வயசானாலும் ஊசி மாதிரி நிமிர்ந்து நின்ற ஒரு தையல்காரம்மா. மேஜைமேல் ஒரு புத்தகம். அதில் பக்க அடையாளமாக நாற்பது ஐம்பது குண்டூசிகள் குத்தியிருந்தன.

அது தன்னுடைய புத்தகம் என்று தெரிந்துகொள்ளப் பேராசிரியைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இடது கைக்காரியைத் தேடி வந்தீங்களா?" என்றார் தையல்காரம்மா. பேசிக்கொண்டே ஒரு துணியைப் பல் கத்தரியால் வெட்டினார். வலது கையால்.

"நீங்கதான் என்னை மிரட்டினீங்களா?" என்றார் பேராசிரியை. "சட்டையைக் கிழிக்கப் போறேன்னு?"

"ஐயோ, கிழிக்கிறேன்னு யாரு சொன்னா? மியூசியம் வாட்ச்மேன்களுக்கு யூனிஃபார்ம் அளவெடுக்கப் போன மாசம் போனேன். அங்க இந்தப் புத்தகத்தை வித்துக்கிட்டிருந்தாங்க. அட்டையில பார்த்தா எங்க சட்டை! வாங்கிட்டு வந்து படிச்சேன். நேத்து ராத்திரி வரைக்கும் யோசிச்சேன், காலையில உங்களைப் பார்க்க வந்தேன். கதவு பூட்டியிருந்தது. ஒரு துண்டு எழுதி அடியில தள்ளிட்டு வந்தேன். எனக்குத் தெரிஞ்ச பழக்கம் அதுதானே."

"முன்கூட்டியே நேரம் சொல்லிட்டு வர்றவங்க திருட வர்றதில்லைங்க, விருந்தாளியா வர்றாங்க. அண்ணி, இதை நான் டாக்சியிலயே சொல்லணும்னு நினைச்சேன்," என்றாள் நாத்தனார்.

"நினைக்கலை," என்றாள் அண்ணி.

கதை இப்படி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் மேலே குடியிருந்தவர் ஒரு ஒல்லிப் பையன். தையல்காரம்மா அவரை மாடித் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அவர் கீழே வந்து, போட்டுக்கொள்ள முடியாத ஒரு சட்டை தைக்க முடியுமா என்று கேட்டார். கடையே சிரித்தது. இந்த அம்மாவுக்கு மட்டும் அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. காலர், கை, பொத்தான் என்று வருஷக்கணக்கில் அதையே தைத்து அலுத்துப்போயிருந்தவருக்கு, சட்டையைத் தலைகீழாக யோசித்துப் பார்ப்பது சின்னப் பிள்ளைக்கு விளையாடக் கிடைத்தது மாதிரி இருந்தது. பகலில் கடை வேலை. மாமனார் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பார். அதனால் எல்லாமே காகிதத் துண்டில். வடிவம் வெட்டி மிஞ்சிய பழுப்புத் தாளைத் துண்டு துண்டாக நறுக்கி அவருக்கும் ஒரு கட்டு கொடுத்து வைத்தார். மாடித் தம்பி கேள்வியை எழுதி, வெட்டிய துணிக்குள் வைத்து அனுப்புவார். இவர் பதிலை எழுதி, அந்தக் கேள்வியையும் சேர்த்து மாடிக் கதவுக்கு அடியில் தள்ளுவார்.

"எப்படி வெட்டணும்னு யோசிக்கிறது நான். வெட்டித் தைக்கிறது தம்பி. என் பேரையும் சேர்த்துப் போடறேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டார். நான்தான் வேண்டாம்னேன். யூனிஃபார்ம் தைக்கிற இடத்துல கிறுக்குச் சட்டை தைக்கிறாங்கன்னு தெரிஞ்சா எவன் ஆர்டர் கொடுப்பான்? எங்க மாமனார் மெஷினைத் தூக்கித் தெருவுல வீசியிருப்பார்."

பேராசிரியை பக்கத்தில் இருந்த கோட்டுக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்போ நான் எழுதினதெல்லாம் தப்பு. அரை அங்குலத்தைப் பத்தி நாற்பது பக்கம் எழுதினேன். 'இன்னும் வராத ஒருத்தருக்காக ஒரு மனுஷன் விட்டு வைக்கிற இடம்'னு எழுதினேன். அது வெறும் தையலுக்கு விடற துணி. மியூசியம் நிறையப் பேர் கூடியிருக்கும்போது, எங்கண்ணன் முன்னாடி..."

தையல்காரம்மா புத்தகத்தை எடுத்து, குண்டூசி குத்திய ஒரு பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தார்.

"இந்த நாற்பது பக்கத்தையும் பதினோரு தடவை படிச்சேன். ஒரு வார்த்தை தப்பில்லைம்மா. நான் நினைச்சதை என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்லை. முன்னப்பின்ன தெரியாத நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு அழுதுட்டேன். 'அவர்'னு நீங்க எழுதியிருக்கிற இடத்துல எல்லாம் என்னை வச்சுப் படிச்சேன். அளவு கச்சிதமா இருந்தது."

ஆறு மெஷின்களும் எப்போது நின்றன என்று யாருக்கும் தெரியாது. நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, துணித் தூசு அலர்ஜி என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னாள்.

அண்ணி பேராசிரியையின் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். "கடைசித் துண்டைச் சத்தமா படிங்க."

அது உருண்டை எழுத்து. பேராசிரியைக்குப் பார்க்காமலே மனப்பாடம். "'வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வெட்டிடலாம். கத்தரிக்கோல் கொண்டு வா.' வலது கை இடது கைக்குப் போடற உத்தரவுன்னு எழுதியிருக்கேன்... அதை வச்சுத்தான் அந்த விமர்சகன் என்னை மிரட்டறான்னு நினைச்சேன்."

"அந்தத் துண்டு மட்டும் எனக்கு வரவே இல்லை," என்றார் தையல்காரம்மா மெதுவாக. "புதன்கிழமை காய்ச்சல்ல போயிட்டார் தம்பி. எழுதி வச்சது மேலேயே சுவத்துல இருந்திருக்கு. போன மாசம் உங்க புத்தகத்துலதான் முதல் தடவையா பார்த்தேன்."

அண்ணி காலையில் வந்த காகிதத்தைப் பேராசிரியையின் கையில் வைத்தாள். "இது மிரட்டல் இல்லை. பதில். ஒரு பார்சல் நாற்பது வருஷம் தொலைஞ்சு கிடந்தது. உங்க புத்தகம்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

ஒரே மூச்சில் நாலு வாக்கியத்துக்குமேல். நாத்தனார் விரல் விட்டு எண்ணி அசந்துபோனாள். அப்போது மணி மூன்று பத்து.

மியூசியத்தில் இயக்குநர் ஒரு கையால் டையையும் இன்னொரு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டார். கூடத்தில் ஜனம் நெருக்கியடித்தது. முன்வரிசையில் அந்தக் குடுமி விமர்சகர் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்த இருக்கையில் பேராசிரியையின் அண்ணன், தவறான கல்யாணத்துக்கு வந்துவிட்ட முகத்தோடு. கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டை தொங்கியது, வெள்ளையாக, வாயில்லாமல்.

"வெட்டறதா? மியூசியத்துலயா? சட்டையையா?" என்று இயக்குநர் ஒவ்வொரு சொல்லுக்கும் குரலை ஒரு படி ஏற்றினார்.

"முப்பத்தொரு துண்டும் இந்தப் படைப்பின் பகுதின்னு உங்க பட்டியலிலேயே போட்டிருக்கீங்க," என்றார் பேராசிரியை. "அதுல கடைசித் துண்டு என்ன சொல்லுது, படிங்க. நாம இத்தனை வருஷமா பாதி முடிஞ்ச படைப்பைப் பூட்டி வச்சிருக்கோம்."

"வெட்டின பிறகு உள்ள ஒண்ணும் இல்லைன்னா?"

"உள்ள இருக்கு," என்றாள் அண்ணி. "மூணு மடங்கு கனம்."

"இருபத்திரண்டு வருஷம் பார்சல் கவுண்டர்ல இருந்தவங்க சார்," என்று நாத்தனார் சேர்த்துக்கொண்டாள். "கையில தூக்காமலே உள்ள என்ன இருக்குன்னு சொல்லுவாங்க. இவங்க இருக்கிற வீட்டுல ஒரு பரிசுப் பொருளைக்கூட ஒளிச்சு வைக்க முடியாது."

பேராசிரியை மைக்கைப் பிடித்தார். பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு தப்பு என்றார். இடது கை என்று ஒன்று கிடையாது, இருந்தது இரண்டாவது ஆள், அவர் இதோ நிற்கிறார், அவர் கடைக் கதவை நான் இருபத்தாறு வருஷம் தட்டவே இல்லை, அது என் பிழை என்றார். குடுமிக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார். தன்னுடைய தப்பை மைக்கில் சொல்லும் ஆராய்ச்சியாளரை அவர் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை போலிருக்கிறது.

கடிகாரம் நான்கு அடித்தது. கண்ணாடிப் பெட்டி திறந்தது. தையல்காரம்மா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். எடுத்து, பேராசிரியையிடம் நீட்டினார்.

"நானா?"

"தம்பி எழுதினதை எனக்குக் கொண்டுவந்து சேர்த்தவங்க நீங்கதானே? மேல்தையல் மட்டும்தான் வெட்டணும். அதோ, அந்த வெள்ளை நூல். பயப்படாதீங்க, கிழியாது."

ஒரு நூல். இரண்டு. ஏழு. எட்டாவது நூலை வெட்டியதும், மடிப்பு மடிப்பாக உள்ளே திணித்திருந்த துணி மூச்சு விட்டதுபோல் பொதுக்கென்று வெளியே வந்து விரிந்தது. கை ஒன்று, கை இரண்டு, கை மூன்று, கை நாலு. கடைசியாக, தோளோடு தோள் ஒட்டி, இரண்டு கழுத்து.

இரண்டு பேர் சேர்ந்து போட்டுக்கொள்ளும் சட்டை!

கூடம் அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். அது இயக்குநர்தான் என்று நாத்தனார் இன்றைக்கும் சத்தியம் செய்வாள். முன்வரிசையில் பேராசிரியையின் அண்ணன் எழுந்து நின்று, "என் தங்கச்சி! அது என் தங்கச்சி!" என்று பக்கத்தில் இருந்த குடுமிக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மா சட்டையை வாங்கி, தன் பக்கத்துக் கழுத்துக்குள் தலையை விட்டார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த அளவு இம்மிகூடப் பிசகவில்லை. பக்கத்துக் கழுத்து காலியாகத் தொங்கியது. அதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வாங்கம்மா," என்று பேராசிரியையைக் கூப்பிட்டார்.

பேராசிரியை குனிந்தார். தலை கழுத்துவரை போனது. அப்புறம் காதில் மாட்டிக்கொண்டது. நாத்தனார் ஒரு பக்கம் இழுத்தாள், இயக்குநர் ஒரு பக்கம் இழுத்தார். ஒருவழியாகத் தலை வெளியே வந்தபோது கொண்டை அவிழ்ந்து, கண்ணாடி கோணி, கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வழிந்துகொண்டிருந்தது. தோள் மட்டும் மூச்சுவிட முடியாத இறுக்கம்.

தையல்காரம்மா அந்தத் தோள் தையலைப் பழக்கதோஷத்தில் விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்பவே எழுதினேன், இன்னும் அரை அங்குலம் விடுன்னு," என்றார். "மாடித் தம்பி கேட்டாத்தானே!"